அரூரின் ‘ரூ’

அரூர் என்ற பெயரின் நடு எழுத்து கொஞ்சம் வம்பு பிடித்தது. யுனிகோடில் அது ஒரே எழுத்து இல்லை. ‘ர’ தனியாக, ஊகாரக் குறி தனியாக இரண்டு துண்டுகளாகத்தான் இருக்கும். ஒட்டவைத்து ‘ரூ’ என்று காட்டுவது கணினியின் பொறுப்பு.

2003 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் முளைத்தபோது பல ஊர்களில் விண்டோஸ் 98தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனுடன் தமிழ் எழுத்துரு வரவில்லை. பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக நிற்கும். எக்ஸ்பி தேவலை, ஆனால் அதிலும் சிடி போட்டுத் தமிழுக்கான வசதியைத் தனியாக நிறுவணும். அரூர் மாதிரி ஊரில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் சிடிக்கு எங்கே போவார்? கடைக்காரர் அதில் கைவைக்கத்தான் விடுவாரா?

“பழசை வைத்திருப்பவர் மாறட்டும், நாம ஏன் மெனக்கெடணும்” என்ற கேள்வி அன்றும் உண்டு. சில பத்திரிகைத் தளங்கள் மெனக்கெட்டன, ஆனால் தப்பான வழியில். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். டிஸ்கி ஒரு பக்கம், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் இன்னொரு பக்கம். திரையில் தமிழ் தெரியும்; அடியில் இருப்பதோ ஆங்கிலக் குப்பை. அந்த எழுத்துரு போனதும் கட்டுரையும் போச்சு. தேடினாலும் சிக்காது.

அதிராம்பட்டினத்து உமர் தம்பி வேறு வழி பிடித்தார். அவருடைய ‘தேனீ’ யுனிகோடு எழுத்துருவைப் பதிவர்கள் தங்கள் வார்ப்புருவில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பக்கம் திறக்கும்போதே எழுத்துருவும் கூடவே இறங்கிவிடும், வாசகர் எதையும் நிறுவ வேண்டாம். எழுதியது சுத்தமான யுனிகோடாகவே கிடக்கும். பழைய உலாவிக்கு இதைவிட நாகரிகமான உதவி இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. அந்த ஈஓடி கோப்பு இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மட்டும்தான் புரியும். நெருப்புநரிக்காரர்களுக்கோ வேறு தலைவலி. பத்தியை இரண்டு ஓரமும் சமமாக இழுத்துவைத்தால் எழுத்தெல்லாம் உதிரும். “ஜஸ்டிஃபை பண்ணாதீங்க” என்று பின்னூட்டத்தில் கெஞ்சுவார்கள். அது 2008இல் பயர்பாக்ஸ் 3 வந்த பிறகுதான் சரியானது. இந்த முறை பழுது புதிய உலாவியில். அதைக் கைவிடணும்னு யாரும் சொல்லவில்லை!

2006 ஜூலையில் விண்டோஸ் 98க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. உமர் தம்பி காலமானதும் அதே மாதம்தான். 2022 ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஓய்வு பெற்றது. அன்றைய வார்ப்புருவை மாற்றாத வலைப்பதிவுகளில் அந்த ஒற்றை வரி இன்னும் அப்படியே இருக்கும். இன்றைய உலாவிகள் அதைச் சட்டை செய்யாமல் தாண்டிப்போகின்றன. பதிவு மட்டும் ஒரு எழுத்தும் உடையாமல் செல்பேசியில் திறக்கிறது, ‘ரூ’ உட்பட.