லிவர்மோர் தீயணைப்பு நிலையம்

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரில் உள்ளது. தன்னார்வலர்கள் தீயணைத்த சிற்றூர்க் காலத்தில், தண்ணீர்க் குழாய் வண்டி நிறுத்தும் கொட்டகையே இங்கு நிலையம். வண்டிகளைவிட ஒரு மின்விளக்கே இதற்குப் புகழ் தந்தது என்பது வேடிக்கை. ஷெல்பி நிறுவனத்தின் அந்தக் கரியிழை பல்பு, 1901 முதல் எரிவதாகக் கொள்ளப்படுகிறது. அதை அணைக்காமல் எரியவிட்டது ஏன்? இரவில் அழைப்பு வந்தால் இருட்டில் தடுமாற வேண்டாமே! 1976இல் அதை 6ஆம் நிலையத்துக்கு மாற்றியபோது, கழற்றினால் உடையுமென்று அஞ்சி ஒயரை வெட்டி, தீயணைப்பு வண்டி, போலீஸ் பாதுகாப்புடன் கொண்டுசென்றனர். மின்சாரமின்றி இருந்தது 22 நிமிடம். 2013இல் தடையிலா மின்வழங்கி பழுதாகிச் சில மணி நேரம் அணைந்தது, பல்பில் பழுதில்லை. இன்று சுமார் 4 வாட் ஒளியே தருகிறது.