வாசப்படியை உசத்தினா போதுங்களா?

நடுவர் அவர்களே! தேர்தல் சீர்திருத்தத்தால் மக்கள் குரல் ஓங்கிவிட்டது என்று எதிரணி நண்பர் முழங்கினார். ஏனுங்க, நம்ம மொடக்குறிச்சியை மறந்துட்டீங்களா?

1996 சட்டமன்றத் தேர்தல். எங்க கோரிக்கையை யாரும் காதுல வாங்கலைன்னு விவசாயிகள் கூட்டங்கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். ஒரே தொகுதியில் 1033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டு புத்தகமாகவே வந்தது. அதைப் பெட்டியில போடறதா, அலமாரியில அடுக்கறதா? (சிரிப்பு) அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், இன்றைய தெலங்கானாவின் நல்கொண்டாவில், தண்ணீர் கேட்டு நின்றவர்களோடு 480 பேர்!

டெல்லி என்ன செய்தது? அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தியது. பொதுப் பிரிவில் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாய், 5,000 ஆச்சு. நாடாளுமன்றத்துக்கு 500 ரூபாய், 10,000 ஆச்சு. இப்போ 25,000!

விளையாட்டுக்கு நிற்பவர்கள் குறையணும், ஒத்துக்கறேன். ஆனா, கதவைத் தட்டினவன் எதுக்குத் தட்டினான்னு கேட்காம வாசப்படியை மட்டும் உசத்தறது சீர்திருத்தமாங்க?

தோட்டத்துக்காரர் மனுக் கொடுத்தா இத்தனை நாளுக்குள்ள நாடாளுமன்றத்தில் பதில் வரணும்னு விதி செய்யுங்க. அந்த மனுவுக்குப் பதில் வந்தா, அவர் எதுக்குங்க வேட்புமனு போடப் போறார்? (கைதட்டல்)