பாதிப் பேர் மட்டும் திரும்பி வந்தால்? டி-டெஸ்டின் இன்னொரு கதை

ஒரு கடை தன் வாடிக்கையாளர்கள் 100 பேரிடம் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் 100 பேரிடம் கேட்கிறது. அவர்களில் 60 பேர் பழையவர்கள், 40 பேர் புதியவர்கள். சராசரி கூடியிருக்கிறது. அது உண்மையான முன்னேற்றமா, தற்செயலா? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

டப்ளின் நகரின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர் வில்லியம் காசெட். டி-டெஸ்டுக்கு அடித்தளமிட்ட கட்டுரையை 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டவர் இவர்தான். அதில் வரும் உதாரணம், தூக்க மருந்துகள் கொடுக்கப்பட்ட 10 நோயாளிகள். ஒரு மருந்தில் சராசரியாக 0.75 மணி நேரமும் இன்னொன்றில் 2.33 மணி நேரமும் தூக்கம் கூடியது. ஒவ்வொருவரின் இரண்டு அளவுகளையும் ஜோடி சேர்த்துக் கணக்கிட்டால் டி மதிப்பு 4.06, பி மதிப்பு சுமார் 0.003. அதே எண்களை 20 வெவ்வேறு ஆட்களுடையவை என்று நினைத்துக் கணக்கிட்டால் டி மதிப்பு 1.86 தான், பி மதிப்பு சுமார் 0.08. வழக்கமான 0.05 எல்லைக்குள் அது வராது!

காரணம் இதுதான். ஆளுக்கு ஆள் தூக்கம் மாறுபடும். ஜோடி சேர்க்கும்போது அந்த வேறுபாடு கழிந்து, மருந்தின் விளைவு மட்டும் தெரிகிறது.

கடையின் கணக்கு இந்த இரண்டிலும் சேராது. 60 ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டால் 80 பதில்கள் குப்பைக்குப் போகும். எல்லோரும் வெவ்வேறு ஆட்கள் என்று வைத்துக்கொண்டால் உண்மையான மாற்றமே கண்ணுக்குத் தப்பலாம்.

இந்தச் சிக்கலைக் கணக்கெடுப்புத் துறையினர் முன்பே யோசித்திருந்தார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பண்ணைகளை ஆராய்ந்த ஜெஸ்ஸன் 1942-லும், பேட்டர்சன் 1950-லும், பழைய மாதிரியில் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் முறையைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு 1953 முதல் இந்த வழியில்தான் நடக்கிறது. ஒரு வீட்டாரிடம் 4 மாதம் தொடர்ந்து கேட்பார்கள், 8 மாதம் விட்டுவிடுவார்கள், பிறகு மறுபடி 4 மாதம் கேட்பார்கள். அடுத்தடுத்த மாதங்களில் முக்கால் பங்கு வீடுகள் பொதுவாக இருக்கும். ஒரே வீட்டாரை ஓயாமல் கேட்டால் சலிப்பு வரும், எல்லோரையும் மாற்றினால் ஒப்பீடு பலவீனமாகும். அதனால்தான் இந்த நடுவழி.

டி-டெஸ்டையே இதற்கேற்ப மாற்றி, பிரிஸ்டலில் உள்ள வெஸ்ட் ஆஃப் இங்கிலாந்து பல்கலைக்கழகத்தின் பென் டெரிக்கும் சக ஆய்வாளர்களும் 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இதில் எல்லாப் பதில்களும் சராசரியில் சேரும். இரண்டு முறையும் பதில் சொன்னவர்களின் ஒட்டுறவுக்கு ஏற்ப, பிழை அளவில் ஒரு பங்கு மட்டும் கழிக்கப்படும். 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்களுக்கு எந்த முறை பொருந்தும் என்பதையும் அவர்கள் பிறகு ஆராய்ந்தார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திரும்பி வராத 40 பேர் தற்செயலாக விடுபட்டவர்களாக இருக்க வேண்டும். கடை பிடிக்காமல் போனவர்கள் என்றால், சராசரி கூடியதற்கு அவர்கள் இல்லாததே காரணமாக இருக்கலாம். அதை இந்தச் சூத்திரத்தால் சரிசெய்ய முடியாது. கணக்குப் போடும் முன், அவர்கள் ஏன் வரவில்லை என்று விசாரிப்பதே முதல் வேலை.