பேணப்படுவோர் பெற்ற உரிமை

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துள்ளார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து பேணுபவன் என்பன அவை. இவ்வரிசையில் நோயுற்றவனே முதலிடம் பெற்றிருத்தல் கருதத்தக்கது. அதே அதிகாரத்தின் பத்துக் குறள்களில் பெரும்பகுதி மருந்தைப் பற்றிப் பேசவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணல், பசித்தபின் உண்ணல், அளவறிந்து உண்ணல் என அன்றாடப் பழக்கங்களையே அவை வலியுறுத்துகின்றன. நலவாழ்வு மனிதனிடமும் அவன் பழக்கங்களிலும் தொடங்குகிறது என்பதை நம் முன்னோர் தெளிவாக உணர்ந்திருந்தனர். ஆயினும், வீட்டில் பிறரால் பேணப்படுவோரின் விருப்பத்திற்கு இடந்தர இவ்வுலகிற்கு நெடுங்காலம் பிடித்தது. அவ்வரலாற்றைச் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இல்லம் தேடிச் சென்ற தாதியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர் வாழ்ந்தார். நோயுற்ற அவருடைய மனைவியை மேரி ராபின்சன் என்னும் தாதி இல்லத்திலேயே தங்கிப் பேணினார். 1859ஆம் ஆண்டில் மனைவி மறைந்தார். தேர்ந்த தாதி ஒருவரால் செல்வர் இல்லத்திலேயே இத்துணை ஆறுதல் விளையுமாயின், ஏதுமற்ற ஏழையர் இல்லங்களில் எத்துணைத் துயர் தணியும் என்று ராத்போன் எண்ணினார். ஏழை நோயாளரை அவரவர் வீட்டிலேயே கவனிக்குமாறு அதே தாதியை மூன்று மாத காலத்திற்கு அமர்த்தினார்.

ஏழையர் குடியிருப்புகளில் கண்ட அவலங்களைத் தாங்க இயலாமல், ஒரு மாதத்திற்குள்ளாகவே அத்தாதி கண்ணீருடன் வந்து தம்மை விடுவிக்குமாறு வேண்டினார். ராத்போன் அவருக்கு ஊக்கமூட்டித் திருப்பி அனுப்பினார். மூன்று மாதம் முடிந்தபோது அப்பணியின் பயனைக் கண்ணாரக் கண்ட தாதி, அதனைத் தொடரவே விரும்பினார். பின்னர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் அறிவுரையைப் பெற்று லிவர்பூலில் தாதியர் பயிற்சிப் பள்ளி ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. 1865ஆம் ஆண்டின் இறுதிக்குள் அந்நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் தாதியர் வீடு வீடாகச் சென்று பணிபுரிந்தனர்.

நைட்டிங்கேல் அம்மையார் தாதிமை பற்றி எழுதிய சிறு நூல் வெளிவந்ததும் 1859ஆம் ஆண்டிலேதான். இல்லத்தில் பிறர் நலம் பேணும் பெண்கள் அனைவரையும் கருதி எழுதப்பட்ட நூல் அது. தூய காற்று, வெளிச்சம், துப்புரவு, அமைதி, காலமறிந்து தரும் உணவு ஆகியவற்றையே அவர் பெரிதும் வற்புறுத்தினார். உணவு நிறைந்திருந்தும், எந்நேரத்தில் எவ்வாறு உண்ண இயலும் என்பதை உடனிருப்போர் கவனியாமையால் நோயாளர் பட்டினியால் வாடுவதை அவர் சுட்டிக் காட்டினார். நோயாளியைக் கூர்ந்து நோக்க வேண்டும் என்னும் பாடத்தை உலகிற்குப் புகட்டியவர் அவர். எனினும் அக்காலத்தில் முடிவு செய்யும் அதிகாரம் மருத்துவரிடமும் தாதியிடமுமே தங்கியிருந்தது.

எழுந்த உரிமைக் குரல்

இந்நிலை மாறுவதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட் ராபர்ட்ஸ் என்னும் சிறுவன் 1953ஆம் ஆண்டில், தன் பதினான்காம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டான். கழுத்துக்குக் கீழே உடல் பெரும்பாலும் செயலிழந்தது. உறங்குவதற்கும் இரும்பு நுரையீரல் என்னும் சுவாசப் பொறி தேவைப்பட்டது. அம்மாநில மறுவாழ்வுத் துறையோ, வேலை பார்க்க இயலாத அளவிற்கு உடற்குறை மிகுந்தவர் எனக் கூறி முதலில் உதவி மறுத்தது. அவர் மனந்தளராது போராடி, 1962இல் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாணவர் விடுதியில் அவருக்கு இடமளிக்க இயலாமையால், பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியே அவர் விடுதியாயிற்று. அவரைப் பின்பற்றி உடற்குறையுடைய மாணவர் பலரும் அங்கு வந்து சேர்ந்தனர்.

1972இல் அவர்களும் அவர்தம் தோழர்களும் பெர்க்லியில் தற்சார்பு வாழ்வு நிலையத்தை நிறுவினர். அவர்கள் முன்வைத்த கொள்கை எளியது, ஆனால் புரட்சிகரமானது. உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும், பயிற்றுவதும், வேண்டாதபோது விலக்குவதும் உதவி பெறுபவரின் உரிமை. எப்போது விழிப்பது, எப்போது நீராடுவது, எதனை உண்பது என்பவற்றைப் பிறர் கால அட்டவணை முடிவு செய்யலாகாது என்றனர். 1975ஆம் ஆண்டில், தம்மை ஒதுக்கிய அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக ராபர்ட்ஸ் அமர்த்தப்பட்டார். காலத்தின் தீர்ப்பு என்பது இதுவன்றோ!

விருப்பமும் உடல்நலமும்

இவ்வுரிமை வெறும் கொள்கையளவில் நின்றுவிடுவதன்று, உடல்நலத்தோடும் தொடர்புடையது. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளவியலறிஞர் இருவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வை 1976இல் வெளியிட்டனர். ஒரு மாடியிலிருந்த முதியோரிடம், அவர்தம் வாழ்வை அமைத்துக்கொள்வது அவர்கள் பொறுப்பே என்று கூறப்பட்டது. விரும்பிய செடியைத் தேர்ந்து தாமே வளர்க்கவும், திரைப்படம் பார்க்கும் நாளைத் தாமே முடிவு செய்யவும் அவர்களுக்கு வாய்ப்பு வழங்கப்பட்டது. மற்றொரு மாடியில், எல்லாவற்றையும் பணியாளர் கவனித்துக்கொள்வர் எனக் கூறிச் செடியும் கொடுக்கப்பட்டது. அதற்கு நீர் ஊற்றியவர் தாதியரே. சில கிழமைகள் கழிந்தபின், பொறுப்பேற்ற முதியோரிடம் மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் மிகுந்திருந்தமை காணப்பட்டது. சிறிய ஆய்வே எனினும் அது தரும் படிப்பினை பெரிது.

சட்டமாக மலர்ந்தமை

குரலாக எழுந்த உரிமை பின்னர்ச் சட்டமாயிற்று. சுவீடனில் தனியுதவியாளர் பெறும் உரிமைச் சட்டம் 1994இல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியில் 1995இல் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்புறுதி, இல்லம் வந்து செய்யும் பணியைப் பெறுவதா, பணமாகப் பெற்று உறவினரைக் கொண்டு கவனித்துக் கொள்வதா என்பதைப் பேணப்படுவோரே தெரிவு செய்ய வழிவகுத்தது. பிரிட்டனில் 1996இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி உதவித்தொகையை நேரடியாகப் பெறும் வாய்ப்பு உண்டாயிற்று. 2000ஆம் ஆண்டில் அது முதியோருக்கும் விரிவாக்கப்பட்டது. எங்கு, யாருடன் வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமையை 2006ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை உறுதி செய்தது. அதனை மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் ஏற்று உறுதியளித்தன.

ஆயினும் சட்டத்தால் மட்டும் எல்லாம் கைகூடிவிடுவதில்லை. கையில் பணமிருந்தும் நல்ல உதவியாளர் கிடையாவிடில் தெரிவு என்பது பெயரளவினதே. நினைவு மங்கிய முதியோரின் விருப்பத்தை அறியப் பொறுமையும் பரிவும் வேண்டும். பணிவிடை செய்வோரின் உழைப்பிற்கும் ஓய்விற்கும் மதிப்பளித்தல் வேண்டும்.

நம் இல்லங்களில்

நம் இல்லங்களில் பெற்றோரை அன்புடன் பேணுவோர் பலர். ஆனால் அந்த அன்பே சிலவேளைகளில் ஆணையாகிவிடுகிறது. தந்தை எப்போது குளிப்பது, தாய் எதை உண்பது, எந்த மருத்துவரிடம் செல்வது, எந்தப் பிள்ளையின் வீட்டில் தங்குவது ஆகியவற்றை அவர்களைக் கேளாமலே பிள்ளைகள் முடிவு செய்துவிடுகின்றனர். காலை நடை, அளவான உணவு, குறைந்த சர்க்கரை, போதிய நீர், நல்லுறக்கம் ஆகிய யாவும் நல்ல பழக்கங்களே, ஐயமில்லை. ஆயினும் பிரம்புக்கு அஞ்சிக் கற்ற பழக்கம் பள்ளி வாயிலோடு நின்றுவிடும் என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். முதியோர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். காரணத்தை எடுத்துக் கூறி, காலையில் நடப்பதா மாலையில் நடப்பதா என்பதை அவர்களே தேர்ந்துகொள்ள விட்டால், கண்காணிப்பார் இல்லாதபோதும் அப்பழக்கம் நிலைபெறும்.

ஆகவே, உணவுத் தட்டை எடுத்து வைப்பதற்கு முன் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்போம். கேட்டபின் விடைக்குக் காத்திருப்போம். நோயுற்றவனை முதலிடத்தில் வைத்த வள்ளுவரின் வழியில் நடப்பது அவ்வொரு வினாவிலிருந்தே தொடங்கட்டும்.