வெயில் குறைந்த தீவில் வற்றல்

அந்தமான் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியிலிருந்து தொடங்குவர். அதில் நிக்கோபார் ‘மாநக்கவாரம்’ எனக் குறிக்கப்பெறுவது உண்மையே. அதைப் படிக்குந்தோறும் நெஞ்சு விம்முவதும் இயல்பே. ஆயினும் இன்று இத்தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் சோழர் கப்பலில் வந்தவர் அல்லர். தண்டனை பெற்றும், காடு வெட்டும் கூலிகளாகவும், துறைமுகத் தொழிலாளராகவும், பர்மாவையும் இலங்கையையும் விட்டு நீங்க நேர்ந்தவராகவும், வெறுமனே பிழைப்புத் தேடியும் வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த மூட்டையில் புளியும் மிளகாயும் கருவாடும் சுண்டைவற்றலும் இருந்தன. பரணிகளும் கோவைகளும் பாடப்பெறாத அந்த மூட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு.

நெடிய வரலாறு அது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் உணவைக் கவர வரும் கோழியின்மேல் மகளிர் தம் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வச் செழிப்பைக் காட்டுவதற்கு உரையாசிரியர்கள் இவ்விடத்தை எடுத்துக்காட்டுவது வழக்கம். குழை பொன்னாயினும் முற்றத்தில் காயும் உணவை விட்டுக்கொடுக்க அவ்வீட்டுப் பெண்ணுக்கு மனமில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அதே புலவரின் பெரும்பாணாற்றுப்படையில் மாவடுவைக் காடியில் ஊறவைத்த ஊறுகாய் விருந்தினருக்கு இடப்பெறுகிறது. நற்றிணையில் சுறாமீனை அறுத்து உலர்த்திப் பறவை ஓட்டும் பரதவர் மகளைக் காண்கிறோம். அகநானூற்றில் நெல்லுக்குச் சரியளவு உப்பு என்று விலை கூறிச் செல்லும் உமணர் மகளின் குரல் கேட்கிறது. உலர்த்தல், உப்பிடல், புளிக்கவைத்தல் என்னும் மூன்று வழிகளும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் வீடுகளில் நிலைபெற்றுவிட்டன.

இக்கலை வெயில் பெற்ற பிள்ளை. மதுரை, இராமநாதபுரம் போன்ற பகுதிகளில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஆயிரம் மில்லிமீட்டரை எட்டுவதில்லை. அங்கே பஞ்சமே பகை. வெயிலோ வேண்டிய மட்டும் உண்டு. மாசி தொடங்கி ஆடி வரை மொட்டைமாடியில் எதை விரித்தாலும் காயும். துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பதும், அரிசிக்குள் வேப்பிலையும் வசம்பும் இடுவதும், குதிரின் வாயை மண்ணால் பூசி மூடுவதும் பூச்சிக்கு அஞ்சிச் செய்தவை. ஈரத்துக்கு அஞ்சவேண்டிய தேவை அங்கே மிகக் குறைவு.

அந்தப் பயிற்சியோடு வந்தவர்களை வண்டூர் எப்படி எதிர்கொண்டது என்பதே இனிச் சொல்லவேண்டியது.

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், தென் அந்தமானின் மேற்குக் கரையில் உள்ளது வண்டூர். 1983இல் நிறுவப்பெற்ற மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இதுவே வாயில். சுற்றுலா வருவோர் இவ்வூரை அதனால் மட்டுமே அறிவர். ஊர்ப்பெயரோ மலபாருக்கு உரியது. 1921ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் தண்டனை பெற்று இங்கு அனுப்பப்பட்டவர்களும் அவர்தம் குடும்பத்தாரும் தாம் குடியேறிய இடங்களுக்கு வண்டூர், மஞ்சேரி, திரூர், கோழிக்கோடு என்று தம் ஊர்ப்பெயர்களையே இட்டனர். அன்றைய மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. கையில் வேறொன்றும் இல்லாதவர்கள் பெயரையாவது கெடாமல் கொண்டுவந்தார்கள் என்று என் பாட்டியார் சொல்வார். அவரும் அப்படித்தான், ஒரு தகரப் பெட்டியோடும் இரண்டு பீங்கான் ஜாடிகளோடும் வந்தவர்.

இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று தாயகத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதத்தின் இடையில் இத்தீவுகளை வந்தடைந்துவிடும். அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை. நம்பி விரிக்கத்தக்க வெயில் தை முதல் சித்திரை வரையே. மழை நின்ற நாளிலும் காற்றில் ஈரம் நிற்கும். நன்கு காய்ந்த கொத்தவரை வற்றலும் அடுத்த வாரமே ஈரத்தை உறிஞ்சித் துவண்டு பூசணம் பூத்துவிடும். அப்பளம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உப்பு ஜாடிக்குள்ளேயே கண்ணீர் விடும். முதல் ஆண்டில் பாட்டியார் இட்ட வடகம் முழுவதும் குப்பைக்குப் போயிற்றாம். “ஊரில் கற்றதை இங்கே மறக்கவும் கற்க வேண்டியிருந்தது” என்பது அவர் வாய்ச்சொல்.

மறந்தது கொஞ்சம், மாற்றிக்கொண்டது மிகுதி. வெயில் செய்யாததை அடுப்புப் புகை செய்தது. அடுப்புக்கு நேர்மேலே பரண் கட்டி, அதில் புளியும் மிளகாயும் கருவாடும் கொப்பரையும் வைக்கப்பெற்றன. நாள்தோறும் எரியும் விறகின் சூடும் புகையும் ஈரத்தையும் பூச்சியையும் அண்டவிடவில்லை. வற்றலுக்கு அரியும் காய் மெல்லிதாயிற்று. காய்ந்த வற்றலையும் அப்படியே மூடி வைப்பதில்லை; வெயில் எட்டிப் பார்க்கும் நாளெல்லாம் மறுபடி முற்றத்துக்கு வந்து போகும். உலர்த்தலைக் காட்டிலும் ஊறவைத்தலுக்கு முதலிடம் கிடைத்தது. உப்பு காயின் நீரை வெளியே இழுத்துவிடும். எஞ்சிய நீரிலும் உப்புச் செறிந்து கிருமி வாழ இடமின்றிப் போகும். மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கும். ஆகவே எலுமிச்சையும் மாங்காயும் மட்டுமன்றி, வேலியோரத்துப் பிலிம்பிக்காயும் ஜாடிக்குள் சென்றது. ஜாடியின் வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டுவது பழைய முறையே. ஈரக்கை படக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் தாயகத்தைவிட இங்கே பன்மடங்கு கடுமையாயிற்று. சிறுவயதில் ஈரக்கரண்டியை ஜாடிக்குள் விட்டு நான் வாங்கிய அடி இன்னும் நினைவில் இருக்கிறது.

இதில் ஒரு விந்தையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நாற்புறமும் கடல்; உப்போ கப்பலில் வரவேண்டும்! உப்பளத்துக்கு வேண்டிய நீண்ட வெயில் இங்கே கிடையாது. ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் கடலைக் கடந்து, மூன்று நாள் பயணத்தில் சென்னையிலிருந்து வந்த கப்பல்களில் அரிசியும் பருப்பும் நல்லெண்ணெயும் வந்ததோடு உப்பும் வந்தது. உமணர் வண்டிக்குப் பதிலாகக் கப்பல். நெல்லுக்குப் பதிலாகக் காசு. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதித்தால் சந்தையில் முதலில் மறைவது வெங்காயம், அடுத்தது உருளைக்கிழங்கு. அந்நாள்களில் வற்றற்குழம்பும் கருவாட்டுக் குழம்பும் இரவு நீரூற்றி வைத்த பழையசோறுமே வீட்டைத் தாங்கின.

அண்டை அயலாரும் இவ்வழி அறிந்தவரே. நிக்கோபாரியர் தாழையினத்துப் பழத்தை வேகவைத்துக் கூழாக்கி இலையில் பொதிந்து வைப்பர். மாயாபந்தர்ப் பக்கத்தில் 1925இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்கள் மீனை உப்பிட்டு அரைத்து ‘ஙாப்பி’ செய்வர். பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்க்கு அதன் மணம் பழகியதே. ஏனையோர் முதன்முறை மூக்கைப் பொத்திக்கொண்டதைக் குற்றமென்று சொல்ல இயலாது.

இச்சேமிப்பு வெறும் சிக்கனமன்று என்பதை இத்தீவு மக்களுக்கு உணர்த்தியது போர். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினர். அன்றுமுதல் 1945 அக்டோபர் வரை தாயகத்துக் கப்பல் இல்லை. நேச நாட்டுக் கடற்படையின் தாக்குதலால் ஜப்பானியக் கப்பல் வருவதும் அருகிற்று. ஆயிரக்கணக்கான படையினரும் தீவு மக்களும் இருந்த சிறு நிலத்தையே நம்பவேண்டியதாயிற்று. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோற்றுக்குப் பதிலாயின. மக்கள் கட்டாய உழைப்புக்கு ஆட்பட்டனர். தோட்டங்களைத் தின்னும் பெரிய ஆப்பிரிக்க நத்தை இங்கே பரவியதும் அக்காலத்திலேதான். 1945 ஆகஸ்டில், உணவு மேலும் குன்றியபோது, பயிரிடுவதற்கு என்று சொல்லி நூற்றுக்கணக்கானோரைப் படகுகளில் ஏற்றி ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளினர். கரையேறியவர்களும் பசியால் மாண்டனர். பிழைத்தவர் மிகச் சிலரே. இன்று ஸ்வராஜ் தீவு என வழங்கும் அந்த அழகிய கடற்கரையில் உலாவும்போது இச்செய்தியை நினைப்போர் எத்தனை பேர்?

போருக்குப் பின் வந்து குடியேறிய தமிழ்ப் பெண்கள், இங்கு முன்னரே வாழ்ந்தவர்களிடம் அக்கதைகளைக் கேட்டனர். ‘கப்பல் வராத காலம்’ என்பது எங்கள் வீட்டில் ஒரு சொல்வழக்கு. அரிசிப் பானையில் கை விடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் போடுவார் பாட்டியார். எதற்கு என்று கேட்டால் அதே விடைதான்: கப்பல் வராத காலத்துக்கு.

அக்காலம் 2004 டிசம்பர் 26 அன்று வேறு வடிவில் வந்தது. ஆழிப்பேரலை வண்டூர்க் கரையின் மரங்களைப் பெயர்த்தது. நிலநடுக்கத்தில் தென் அந்தமான் நிலப்பகுதியே தாழ்ந்ததால், கடல்நீர் புகுந்த வயல்கள் பல மீண்டும் விளைச்சலுக்கு வரவில்லை. உறவினர் ஒருவர் வீட்டில் தரையிலிருந்த அரிசி மூட்டைகள் கரித்துப் போயின. பரண்மேல் இருந்த ஜாடிகளும் புகைபடிந்த புளியுருண்டைகளும் தப்பின. கட்டடம் முழுவதும் காரையால் ஆனபோதும் அந்த மரப்பரணை இடிக்க விடாமல் காத்திருந்தவர் அவ்வீட்டு மூதாட்டியார். நிவாரணம் வந்து சேரும்வரை மூன்று குடும்பங்கள் அந்த ஜாடிகளைச் சுற்றி அமர்ந்து உண்டன; உப்பிட்ட எலுமிச்சை அவ்வளவு சுவையாக இருக்கும் என்று அதற்குமுன் யாரும் அறிந்திலர்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். இன்று வானூர்தி நாள்தோறும் வருகிறது. ஊறுகாய் பொட்டலத்தில் கிடைக்கிறது. எரிவாயு அடுப்பின்மேல் பரண் கட்டிப் பயனில்லை. இளையோரைக் குறைசொல்ல எனக்கு உரிமையும் இல்லை. என் வீட்டிலும் குளிர்ப்பெட்டி உண்டு. ஆனால் புயல் நாள்களில் மின்சாரம் இரண்டு நாள் இல்லாமற்போனால் அப்பெட்டி என்ன ஆகும் என்பதையும் நாம் அறிவோம்.

தை பிறந்து வானம் வெளுத்ததும் எங்கள் முற்றத்தில் இன்றும் பாய் விரிகிறது. மோரில் ஊறிய மிளகாய் ஒரு பாய், சுண்டைக்காய் ஒரு பாய், கூழ்வற்றல் ஒரு பழைய வேட்டியில். காவலுக்குப் பேத்தி. கோழி வந்தால் எறிவதற்குப் பட்டினப்பாலை மகளிரைப்போல் அவள் காதில் பொற்குழை இல்லை; பக்கத்தில் ஒரு குவியல் தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது.