சுரண்டியும் வண்டலும்: ஊவாவின் மலையும் குளமும்

இலங்கையின் ஊவாப் பகுதியில் மஹியங்கனைக்கு அருகிலுள்ள சொரபொர வாவியைத் துட்டகைமுனு மன்னன் காலத்துப் பணியென்று மரபு கூறும். அம்மரபை ஏற்பினும் ஏற்காவிடினும், அதன் துருசு, அதாவது நீரை அளந்து வெளிவிடும் மதகு, கல்லடுக்கிக் கட்டப்படாமல் இயற்கைப் பாறையை வெட்டியே அமைக்கப்பட்டிருப்பதை எவரும் காணலாம். உலர்வலயத்தின் பழைய குளங்களில் அணையைவிட அதன் சுற்றுப்புறமே நுட்பமானது: நீர் வந்து சேரும் பக்கத்தில் காற்றின் வேகத்தைத் தணிக்கும் மரச்சூழலான கஸ்கொம்மனவும், வண்டலைத் தடுக்கும் புற்பரப்பான பெரஹனவும், அணைக்குக் கீழே கசியும் நீரின் உப்பை ஈர்க்கும் கட்டகாடுவவும் பேணப்பட்டன.

பிரித்தானியருக்கு எதிரான 1818ஆம் ஆண்டு ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது வயல்களும் பாசன அமைப்புகளும் அழிக்கப்பட்டதால், இலட்சம் வயல்கள் என்று பொருள்படும் வெல்லஸ்ஸ பெயரளவில் மட்டும் எஞ்சியது. பின்னர் மேற்சரிவுகளில் கோப்பிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையையொட்டி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பதற்குத் தடை வந்ததெனினும், தோட்டங்களிற் பெரும்பகுதி அவ்வெல்லைக்குக் கீழேயே இருந்தமையால் அத்தடை பதுளைச் சரிவுகளுக்கு அதிகம் உதவவில்லை.

கோப்பியைத் தொடர்ந்து வந்த தேயிலையிலும் ஒரு புல்கூட இல்லாத நிலமே நல்ல நிலமென்று தோட்டத்துரைமார் கருதினர். ஆகவே தமிழ்த் தொழிலாளர் சுரண்டி என்னும் கருவியால் மண்ணைக் கீறிக் களை எடுத்தனர். கூலி களைக்குத்தான் தரப்பட்டது, ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கீழே சென்றது மேல்மண். மழைநீரைச் சரிவின் குறுக்கே மறித்து மெல்ல வழியவிடும் கான்கள் வெட்டப்பட்டதும், 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் நல்ல மண் பெருமளவு போன பின்னரே.

போன மண் எங்கே தங்கியதென்பதை மகாவலித் திட்டம் காட்டியது. வெலிமடைப் பகுதியின் தேயிலை நிலங்களையும் மரக்கறித் தோட்டங்களையும் கடந்து வரும் உமா ஓயா, அத்திட்டத்தின் கீழ் மகாவலி ஆற்றில் 1990இல் இயங்கத் தொடங்கிய ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. மலையைத் தோட்ட நிர்வாகமும் நீரை மகாவலி நிர்வாகமும் தனித்தனியே ஆண்டமையே இதன் வேர் எனலாம்.

புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணைகட்டி உமா ஓயாவின் நீரைச் சுரங்கவழியே தென்கிழக்குக்குத் திருப்பும் உமா ஓயாத் திட்டத்தில், 2014 டிசம்பரில் சுரங்கத்துள் நிலத்தடிநீர் பெருகிப் பாய, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகளில் விரிசல்கள் விழுந்தன. 2024 ஏப்ரலில் திட்டம் திறக்கப்பட்டது. அதன் அணைகள் இரண்டும் முன்பு ரந்தம்பேயை நோக்கி இறங்கிய மண்ணின் பாதையிலேயே நிற்கின்றன.