கரிசல் பயிர்களில் மாயா, அஸ்டெக், இன்கா

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், சாத்தூர் வட்டாரங்களின் கரிசல் மானாவாரியில் இன்று பரவலாகக் காணும் மக்காச்சோளம், மிளகாய், நிலக்கடலை, அமெரிக்க இனப் பருத்தி ஆகிய நான்கும் 1492க்கு முன் தமிழ்நாட்டில் இல்லாதவை. காட்டுச்செடிகளாக இருந்தவற்றைப் பயிராக்கியவர்கள் நடு அமெரிக்காவிலும் ஆண்டிஸ் மலைப்பக்கமும் வாழ்ந்த வேளாண்குடிகள். அந்த மரபின் மேல் நகரங்களையும் பேரரசுகளையும் எழுப்பியவர்களே மாயா, அஸ்டெக், இன்கா மக்கள். பாடநூல்களில் இவர்கள் பிரமிடு, நரபலி, தங்கம் என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுவார்கள். கரிசல்காரருக்கு இவர்களோடு உள்ள உறவோ அடுப்பங்கரையிலும் களத்துமேட்டிலும் இருக்கிறது.

வந்த பயிர்களுக்கு நம்மவர்கள் இட்ட பெயர்கள் வேடிக்கையானவை. மக்காச்சோளத்தின் பெயரில் மக்கா நகரம் ஒட்டிக்கொண்டது. நிலக்கடலை வடமாவட்டங்களில் மணிலாக்கொட்டை ஆகி, பேச்சில் மல்லாட்டை ஆனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அமெரிக்க இனப் பருத்திக்குக் கம்போடியா என்று பெயர். மிளகாய்க்கு மிளகே பெயர் கொடுத்துவிட்டது. வழியில் நின்ற ஊரெல்லாம் பெயரில் இருக்கிறது. புறப்பட்ட மெக்சிகோவும் பெருவும் மட்டும் இல்லை.

மாயாவும் மக்காச்சோளமும்

மாயா நாகரிகம் இன்றைய குவாத்தமாலா, பெலீஸ், தென்கிழக்கு மெக்சிகோ பகுதிகளில், கி.பி. 250 முதல் 900 வரை உச்சத்தில் இருந்தது. அவர்களை ஒரே பேரரசாக எண்ணுவது பிழை. திக்கால், பலெங்கே, கோப்பான் எனத் தனித்தனி அரசுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசன், ஓயாத சண்டை. பாளையக்காரர் காலத்து எட்டயபுரத்தையும் பாஞ்சாலங்குறிச்சியையும் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புள்ளியும் கோடும் கொண்டு இருபதின் அடுக்கில் எண்ணினார்கள். சுழியத்துக்கு ஒரு சிப்பி வடிவம். 260 நாள் சடங்கு நாள்காட்டியும் 365 நாள் ஆண்டும் 52 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகச் சேரும். மண்ணில் செய்த மனிதன் கரைந்தான், மரத்தில் செய்தவனுக்கு மனமில்லை, கடைசியில் மக்காச்சோள மாவில் பிசைந்தவனே நிலைத்தான் என்பது மாயா மக்களின் நூலான போபோல் வூ கூறும் படைப்புக் கதை.

மக்காச்சோளத்தை அவர்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்தார்கள். அப்போதுதான் அதிலுள்ள நியாசின் உடம்பில் சேரும். பயிரை வாங்கிய ஐரோப்பா பக்குவத்தை வாங்கவில்லை. அதையே முதன்மை உணவாக்கிய ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் பிடித்தது. கரிசலில் அந்தச் சிக்கல் எழவில்லை. இங்கே மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கே போகிறது. பயிரைத் தேடிக்கொண்டு அதன் பழைய எதிரியும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைக் குருத்தில் தின்றது.

அஸ்டெக்கும் வத்தலும்

மெக்சிக்கா என்று தம்மை அழைத்துக்கொண்ட அஸ்டெக்குகள் 1325இல் தெஸ்கோக்கோ ஏரித் தீவில் தெனோச்தித்லான் நகரை அமைத்தனர். ஏரிச் சேற்றை வாரி மேடாக்கிய சினாம்பா தோட்டங்கள் நகருக்குச் சோறு போட்டன. 1428இல் மூன்று நகரங்களின் கூட்டணி பேரரசானது. கல்புல்லி என்ற குடிக்குழு நிலத்தைப் பொதுவில் வைத்து உறுப்பினருக்குப் பங்கிட்டது. தோற்ற நாடுகள் திறை கட்டின. திறைப் பட்டியலில் பருத்தித் துணி, கொக்கோ, மிளகாய் வத்தல் மூட்டைகள் எல்லாம் உண்டு.

பெருங்கோயிலின் உச்சியில் இரண்டு சன்னதிகள்: போர்த்தெய்வம் ஊயிட்சிலோபோச்ட்லிக்கு ஒன்று, மழைத்தெய்வம் ட்லாலோக்கிற்கு ஒன்று. மழைக்காகக் குழந்தைகளைப் பலியிட்டார்கள். அவை அழும் கண்ணீர் மழைக்கு நல்ல சகுனம் என்றும் நம்பினார்கள். வானம் பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைக்கும் கரிசலுக்கு மழைப் பயம் புரியும். ஆனால் நாம் இழுத்தது வைக்கோல் பொம்மையை. அந்த வேறுபாட்டைப் பூசி மெழுகக் கூடாது.

16ஆம் நூற்றாண்டுச் சித்திரச் சுவடியான மெண்டோசா சுவடியில் ஒரு படம்: சொல்பேச்சுக் கேளாத பதினொரு வயதுப் பிள்ளையை மிளகாய்ப் புகையில் பிடிக்கிறார் தகப்பன். நம் வீடுகளில் அதே வத்தலைப் பிள்ளையின் தலையைச் சுற்றி அடுப்பில் போடுகிறோம். நெடி வராவிட்டால் கண்ணேறு பலமாக இருந்திருக்கிறது என்பார் பாட்டி.

போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மிளகாய் கரிசலில் சம்பாவாகவும் முண்டாகவும் வேர்விட்டது. பறித்த பழத்தை அம்பாரமாகக் குவித்துச் சாக்கால் மூடி நிறம் ஏறவிடுவார்கள். பிறகு களத்தில் பரப்புவார்கள். காய்ந்ததும் பெண்கள் குந்தி உட்கார்ந்து வெளுத்த வத்தலைத் தனியே பொறுக்குவார்கள். காயும் காலத்தில் ஒரு மழை தூறினால் விலை பாதியாகும்.

இன்காவும் கடலையும்

இன்கா அரசை 1438 முதல் பேரரசாக விரித்தவர் பச்சகூத்தி, தலைநகர் கூஸ்கோ. சக்கர வண்டியும் எழுத்தும் இல்லாமலே சுமார் 40,000 கி.மீ. சாலைவலையை ஆண்டார்கள். கணக்கெல்லாம் கீப்பு என்ற முடிச்சுக் கயிற்றில். அய்யு என்ற உறவுக்குழு நிலத்தைப் பகிர்ந்து உழைத்தது. வரி காசாக இல்லை, மீத்தா என்ற முறைவேலையாகச் செலுத்தப்பட்டது. மலைச்சரிவில் படிப்படியாகக் கல்கட்டி விதைத்து, விளைச்சலைக் களஞ்சியங்களில் பஞ்சத்துக்குச் சேமித்தார்கள். சூரியன் இந்தி அவர்களின் குலமுதல்.

நிலக்கடலை இன்காவுக்கும் மூத்தது. 1987இல் பெருவின் சிப்பானில் அகழ்ந்த, இன்காவுக்கு முந்திய மோச்சே மக்களின் தலைவன் ஒருவனின் கல்லறையில், தங்கத்திலும் வெள்ளியிலும் நிலக்கடலை வடிவில் செய்த மணிமாலை கிடைத்தது. கோவில்பட்டியில் அதே கடலை வறுபட்டு, தோல் நீங்கி, வெல்லப்பாகில் விழுந்து, பலகையில் தேய்க்கப்பட்டு, மேலே சாயமேற்றிய தேங்காய்த் துருவலோடு வில்லையாகிறது. 2020இல் இந்தக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அழையா விருந்தாளிகள்

சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. தெனோச்தித்லான் என்ற பெயருக்குள்ளேயே பாறைமேல் வளர்ந்த கள்ளி இருக்கிறது. கள்ளியில் வாழும் கோச்சினீல் பூச்சி அஸ்டெக்குகளின் சிவப்புச் சாயம். 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி சாயத்துக்கென்று அதன் வேறு இனம் ஒன்றைத் தவறாகக் கொண்டுவந்தது. 1926இல் இலங்கையிலிருந்து வந்த இன்னொரு இனம் தென்னிந்தியக் கள்ளிக்காடுகளைத் தின்று தீர்த்தது. கரிமூட்டம் போடும் சீமைக் கருவேலமும் அமெரிக்க மரமே. இதற்கு மட்டும் நம்மவர் சீமை என்று சரியாக முத்திரை குத்திவிட்டார்கள்.

தெனோச்தித்லான் 1521 ஆகஸ்ட் 13இல் ஸ்பானியரிடம் வீழ்ந்தது. இன்கா அரசர் அத்தவால்ப்பா 1533இல் அவர்களாலேயே கொல்லப்பட்டார். மக்கள் அழியவில்லை: மாயா மொழிகளும் கெச்சுவாவும் இன்றும் பல லட்சம் பேரின் தாய்மொழிகள். அஸ்டெக்கின் நஹுவாட்டலைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள். அம்மொழியில் மிளகாய்க்குப் பெயர் சில்லி. நம் பிள்ளைகள் அதை ஆங்கிலச் சொல் என்றே படித்துக்கொண்டிருக்கிறார்கள்.